ஊர் ஊராய்ச் செல்லும் வேலையை ஏற்பதற்கு முன்

மருந்து விற்பனைப் பிரதிநிதி, பூச்சிமருந்து நிறுவனத்தின் களப்பணியாளர், நூற்பாலை இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் சர்வீஸ் இன்ஜினியர், வங்கித் தணிக்கையாளர், நுண்கடன் நிறுவன அலுவலர் என மதுரையில் எந்த வேலைக்கான நேர்காணலுக்குப் போனாலும் ஒரு கேள்வி தவறாமல் வரும்: “வெளியூர் போய்வரத் தயார்தானே?” வேலை வேண்டும் என்று வந்து உட்கார்ந்திருப்பவர் “தயார் சார்” என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்வதில்லை. ஆறு மாதத்தில் பையை ஒப்படைத்துவிட்டுப் போனவர்களும், அதே வேலையில் இருந்து ஓய்வுபெற்றவர்களும் இந்தப் பதிலைத்தான் சொன்னார்கள். ஆகவே பதிலை வைத்து எதையும் அறிய முடியாது. நேர்காணலுக்கு முன்போ, வேலைக்கான கடிதம் கைக்கு வந்த பின்போ, உங்கள் சம்மதம் எவற்றால் ஆனது என்று பிரித்துப் பார்ப்பதற்கான வழிமுறையே இங்கே சொல்லப்படுகிறது.

‘அவனுக்குக் காலில் சக்கரம்’ என்றும் ‘இவன் வாசப்படி தாண்டாதவன்’ என்றும் ஆளை இரண்டாகப் பிரிப்பது நம் வழக்கம். என் கணிப்பில், வெளியூர் வேலையில் நிலைப்பதற்குப் பிறவிக் குணம் காரணமாவது குறைவு. சமூக உளவியலாளர் ஐசக் அய்சன் 1991ஆம் ஆண்டில் விரித்துரைத்த ‘திட்டமிட்ட நடத்தைக் கோட்பாடு’ ஒரு செயலில் இறங்க மனிதர் கொள்ளும் எண்ணத்தை மூன்றாகப் பகுக்கிறது: அந்தச் செயலின்மீது அவருக்குள்ள மனப்பாங்கு, தனக்கு வேண்டியவர்கள் தன்னிடம் எதை எதிர்பார்க்கிறார்கள் என்று அவர் நம்புவது, தன்னால் அதைச் சமாளிக்க முடியும் என்ற நம்பிக்கை. ‘எனக்குப் பயணம் பிடிக்கும்’ என்பது முதலாவதை மட்டுமே தொடுகிறது. மதுரைப் பக்கத்துக் குடும்பங்களில் முடிவைத் தூக்கி நிறுத்துவதும் கீழே தள்ளுவதும் பெரும்பாலும் மற்ற இரண்டுதான்.

இரவுகளை எண்ணுதல்

முதலில், பயணத்தைக் கிலோமீட்டரில் அளப்பதை விட்டுவிட்டு இரவுகளில் அளக்க வேண்டும். மருந்து விற்பனைத் துறையில் வேலை நாள்களை ஹெட்குவார்ட்டர்ஸ், எக்ஸ் ஸ்டேஷன், அவுட் ஸ்டேஷன் என்று மூன்றாகப் பிரிப்பார்கள். நகருக்குள்ளேயே டாக்டர்களைப் பார்ப்பது முதலாவது. காலையில் போய் இரவுக்குள் வீடு திரும்புவது இரண்டாவது. வெளியூர் லாட்ஜில் தங்குவது மூன்றாவது. டி.ஏ. என்னும் படித்தொகையும் இதன்படியே மாறும். வேறு துறையாக இருந்தாலும் இந்த மூன்று கட்டங்களை ஒரு தாளில் வரைந்து, நிறுவனம் ஒதுக்கும் ஊர்களை அவற்றில் நிரப்பிப் பாருங்கள்.

மதுரையில் குடியிருப்பவருக்குத் திண்டுக்கல், தேனி, விருதுநகர், சிவகங்கை ஆகியவை போய்த்திரும்பும் ஊர்கள். நாகர்கோவில் தங்கும் ஊர். கம்பம், இராமநாதபுரம் போன்றவைதாம் சிக்கலானவை. வேலை மாலை ஐந்து மணிக்குள் முடிந்தால் திரும்பிவிடலாம். டாக்டர் மாலை கிளினிக்கின் கடைசி நோயாளியையும் பார்த்துவிட்டு இரவு ஒன்பதரைக்குத்தான் பிரதிநிதியைக் கூப்பிடுவார் என்றால் திரும்ப முடியாது. நிறுவனத்தின் தாளில் அது எக்ஸ் ஸ்டேஷன் என்றே இருக்கும். வீட்டில் இருப்பவர்களுக்கு அது உறக்கமில்லாத இரவு. மதுரையிலிருந்து தேனிக்கு அகலப்பாதையில் 2022ஆம் ஆண்டில் ரயில் ஓடத் தொடங்கி, 2023ஆம் ஆண்டில் போடிநாயக்கனூர் வரை நீட்டிக்கப்பட்டது நல்லதுதான். ஆனால் ரயிலின் நேரம் உங்கள் வேலை நேரத்தோடு பொருந்தாவிட்டால் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். எந்த ஊரிலிருந்து மாட்டுத்தாவணிக்கோ ஆரப்பாளையத்துக்கோ கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்பதையும், அங்கிருந்து உங்கள் தெருவுக்கு அந்நேரத்தில் எப்படிப் போவீர்கள் என்பதையும் எழுதிய பிறகே ஓர் ஊரைப் போய்த்திரும்பும் ஊர் என்று கொள்ளலாம்.

இரவுகளின் எண்ணிக்கை ஏன் முக்கியம் என்பதற்கு ஓர் ஆய்வைச் சுட்டலாம். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், வேலைக்காக மாதத்தில் 14 இரவுகளோ அதற்கு மேலோ வெளியூரில் தங்கியவர்களிடம், 1 முதல் 6 இரவுகள் தங்கியவர்களைக் காட்டிலும் பதற்றம், மனச்சோர்வு, உறக்கக் குறைவு, புகைப்பழக்கம் ஆகியவை கூடுதலாகக் காணப்பட்டன. பயணம் ஒன்றே அதற்குக் காரணம் என்று இதிலிருந்து அறுதியிட முடியாது; அது அமெரிக்கப் பணியாளர்களைப் பற்றிய ஆய்வு என்பதையும் மறக்கக் கூடாது. ஆயினும் மாதத்தில் பாதி இரவுகளைத் தாண்டும் வேலையைத் தனி வகை வேலையாகவே கருதி, அதற்கென்று தனியே சம்மதம் கேட்டுக்கொள்வது நல்லது.

தங்கும் இடத்தைப் பற்றியும் ஒரு சொல். புதிய இடத்தில் படுக்கும் முதல் இரவில் மூளையின் ஒரு பாதி ஆழ்ந்து உறங்காமல் ஓரளவு விழிப்போடு இருப்பதை அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016ஆம் ஆண்டில் பதிவு செய்தார்கள். ஒவ்வொரு முறையும் மலிவான வேறொரு லாட்ஜைத் தேடுவதைவிட, ஓர் ஊரில் ஒரே லாட்ஜைப் பிடித்துக்கொள்வது சிக்கனக் கணக்கில் சற்று நட்டமானாலும் செய்யத் தக்கதே.

அட்டவணை யார் கையில்

ரயில்வேயில் பயணிகள் ரயில் ஓட்டுநருக்கு ‘லிங்க்’ உண்டு; எந்த நாள் எந்த வண்டி, எந்த ஊர் ரன்னிங் ரூமில் உறக்கம் என்பது முன்பே தெரியும். சரக்கு ரயில் ஓட்டுநருக்கோ வண்டி தயாராகும்போதுதான், சில மணி நேர முன்னறிவிப்போடு அழைப்பு வரும். இருவருமே வீட்டுக்கு வெளியே இரவைக் கழிப்பவர்கள்தாம். ஆனால் ஒருவர் மகளின் பள்ளி ஆண்டுவிழாவுக்கு வருவேன் என்று முன்கூட்டியே சொல்ல முடியும், மற்றவரால் முடியாது. பயணத்தின் அளவைவிட அதன் நிச்சயமின்மையே வீட்டை அதிகம் அலைக்கழிக்கிறது என்பது என் உறுதியான கருத்து. எனவே ‘எவ்வளவு பயணம்’ என்று கேட்டதோடு நிறுத்தாமல், டூர் புரோகிராமை எழுதுவது யார், அது எந்தத் தேதியில் இறுதியாகிறது, கடந்த மாதத்தில் மேலாளர் அதை முதல் நாள் இரவில் மாற்றியது எத்தனை முறை என்பவற்றையும் கேட்க வேண்டும்.

இவற்றை மனிதவளப் பிரிவினரிடம் கேட்டால் அச்சடித்த விடைதான் கிடைக்கும். அண்ணா நகர், கே.கே. நகர் மருத்துவமனைகளுக்கு வெளியே தோளில் பையோடு காத்திருப்பவர்களில் அதே நிறுவனத்தைச் சேர்ந்தவரைக் கண்டுபிடித்து, ஒரு டீ வாங்கிக் கொடுத்துப் பேசுங்கள். “ஏரியா மேனேஜர் எப்படிண்ணே?” என்ற ஒரு கேள்வி போதும்; மற்றவை தாமாக வரும்.

எதற்காகப் போகிறோம்

சம்மதத்துக்குப் பின்னால் உள்ள காரணங்களை ஒளிவுமறைவின்றி எழுதிப் பார்க்க வேண்டும். பணம் என்றால், எந்தப் பணம்? சம்பளமா, இலக்கை எட்டினால் கிடைக்கும் ஊக்கத்தொகையா, படியில் மிச்சம் பிடிப்பதா? மூன்றாவதை நம்பி இறங்குபவர்கள் பலர். நால்வர் சேர்ந்து ஓர் அறை எடுப்பது, இரவு உணவைப் பரோட்டாவோடு முடித்துக்கொள்வது, ஏசி பேருந்துக்குக் கணக்கெழுதிச் சாதாரணப் பேருந்தில் வருவது என்று சேர்க்கும் தொகை முதல் ஆண்டில் இனிக்கும். உடம்பு அதற்கு விலை கொடுக்கத் தொடங்கும்போது அந்தத் தொகை பெரிதாகத் தோன்றாது. படித்தொகையை முழுவதும் நீக்கிவிட்டு வருமானத்தைக் கூட்டிப் பாருங்கள். அப்போதும் வேலை வேண்டும் என்று தோன்றினால் பணம் ஒரு நியாயமான காரணம்.

மேலாளர் கண்ணெதிரே நாள் முழுதும் உட்கார வேண்டாம் என்ற விடுதலை உணர்வு இதைவிட வலுவானது. இந்த வேலைகளில் நீண்டநாள் நிலைப்பவர்கள் பெரும்பாலும் இதைத்தான் சொல்வார்கள். ஆனால் இப்போது பல நிறுவனங்களில் ஒவ்வொரு சந்திப்பையும் செல்போன் செயலியில் இருப்பிடத்தோடு பதிய வேண்டியிருப்பதால், அந்த விடுதலை எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதை விசாரித்துக்கொள்வது அவசியம்.

வெளியே சொல்லாத காரணம் ஒன்றும் உண்டு. கூட்டுக்குடும்பத்தில் அப்பாவோடு பேச்சுவார்த்தை இல்லை, அண்ணன் தம்பிக்குள் வாய்க்கால் தகராறு, மணவாழ்வில் கசப்பு. இவற்றிலிருந்து வாரத்தில் நான்கு நாள் விலகியிருக்கலாம் என்று வேலையை ஏற்பவர்கள் இருக்கிறார்கள். இதைக் குறைவாகச் சொல்ல நான் விரும்பவில்லை. சில வீடுகளில் அந்த இடைவெளியே உறவைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் இது காரணமாக இருக்குமானால், அலுவலக வேலை கிடைத்த உடனே திரும்பிவிடலாம் என்ற எண்ணத்தை விட்டுவிட வேண்டும். திரும்புவதற்கு மனம் இடம் தராமல், பதவி உயர்வோடு வரும் தலைமையக வேலையையும் மறுத்துவிட்டுச் சுற்றிக்கொண்டே இருக்க நேரிடும்.

குணத்தைப் பற்றிய பொதுக் கருத்தையும் இங்கே திருத்திக்கொள்வது நல்லது. கலகலப்பானவர்தான் ஊர் சுற்றும் வேலைக்கு ஏற்றவர் என்று நினைக்கிறோம். பகலில் அது உண்மை. இரவு எட்டு மணிக்குப் பின் லாட்ஜ் அறையில் தனியே இருக்க வேண்டியவர் அவரே. தெருமுனை டீக்கடைக் கூட்டாளிகள் இல்லாமல் ஒரு மாலையைக் கழிக்கத் தெரியாதவர் அங்கேதான் திணறுகிறார், சிலர் குடிக்குப் பழகுகிறார்கள். குறைவாகப் பேசி, ஒரு புத்தகத்தோடோ கிரிக்கெட்டோடோ பொழுதை ஓட்டுபவர் எளிதில் தாக்குப்பிடிக்கிறார்.

வீட்டில் யார்மேல் விழுகிறது

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். கணவன் மனைவி இருவரும், பெற்றோர் உடன் இருந்தால் அவர்களும் சேர்ந்து உட்கார்ந்து, கடந்த மாதத்தின் நாள்காட்டியை எடுத்து, அந்த மாதத்தில் வீட்டில் நடந்த வேலைகளை நாள்வாரியாக எழுதுங்கள். பள்ளி வேன் வராத நாளில் பிள்ளையைக் கொண்டுபோய் விட்டது, அம்மாவுக்குச் சர்க்கரைப் பரிசோதனை, குழாயில் தண்ணீர் வரும் நேரத்துக்கு மோட்டார் போட்டது, ரேஷன் கடை வரிசை, கிராமத்தில் தோட்டம் இருந்தால் மும்முனை மின்சாரம் வரும் நேரத்துக்குத் தண்ணீர் பாய்ச்சியது, இரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டு ஆட்டோ பிடித்தது என எதையும் விடாதீர்கள். பிறகு நீங்கள் செய்தவற்றுக்கு எதிரே, நீங்கள் இல்லாதபோது செய்யப்போகிறவரின் பெயரை எழுதுங்கள். ‘பார்த்துக்கலாம்’ என்பதைப் பெயராக ஏற்கக் கூடாது. எல்லா வரிகளிலும் ஒரே பெயர் வந்தால், இந்த வேலையில் பாதியை அவர் செய்யப்போகிறார் என்று பொருள். அவருடைய சம்மதம் இல்லாமல் உங்கள் சம்மதத்துக்கு மதிப்பில்லை. அவர் வேலைக்குச் செல்பவராக இருந்தால் அவருடைய விடுப்பு நாள்களையும் எண்ணிக்கொள்ளுங்கள்.

வேலைக்கும் குடும்பத்துக்கும் இடையிலான முரணைப் பற்றி கிரீன்ஹாஸ், பியூட்டல் ஆகிய இருவரும் 1985ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரை அதை மூன்று வகையாகக் காட்டியது: நேரத்தால் வருவது, சோர்வால் வருவது, நடத்தையால் வருவது. முதல் இரண்டையும் எவரும் எதிர்பார்ப்பார்கள். மூன்றாவதுதான் எதிர்பாராமல் வந்து நிற்பது. ஐந்து நாளும் வீட்டு முடிவுகளைத் தனியே எடுத்துப் பழகிய மனைவியின் முன்னால், சனிக்கிழமை காலை வந்திறங்கும் கணவர், ஊழியர்களிடம் கணக்குக் கேட்கும் அதே குரலில் பால் கணக்கைக் கேட்பார். அல்லது விருந்தாளிபோல் சாப்பிட்டுப் படுத்துவிடுவார். இரண்டுமே வீட்டாருக்கு எரிச்சலூட்டுபவை. திங்கள் முதல் வெள்ளி வரை எடுத்த முடிவைச் சனிக்கிழமை மாற்றுவதில்லை என்று தொடக்கத்திலேயே பேசி வைத்துக்கொள்ளும் குடும்பங்களில் பூசல் குறைகிறது.

அப்பா லாரி ஓட்டியவராகவோ, உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வெளிமாநிலங்களுக்கு முறுக்குத் தொழிலுக்குப் போனவராகவோ இருந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு, ஒருவர் இல்லாத வீட்டை நடத்தும் முறை முன்பே தெரியும்: யாரிடம் அவசரப் பணம் வாங்குவது, எந்தச் செய்தியைத் தொலைபேசியில் சொல்லலாம், எதை வந்தபின் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்குப் பழக்கம். மாலை ஆறு மணிக்கு அப்பா வீடு திரும்பிய குடும்பங்களில் வளர்ந்தவர்களுக்கு இது புதிது. அவர்கள் அதைக் கற்றுக்கொள்ளலாம். முதல் ஆறு மாதம் கடினமாக இருக்கும் என்று தெரிந்தே தொடங்க வேண்டும், அவ்வளவுதான்.

ஊரும் உறவும்

வெளியூர் வேலையில் இருப்பவரைப் பற்றிய முதல் மனக்குறை வீட்டிலிருந்து வருவதில்லை. கேதத்துக்கு வரவில்லை என்று உறவிலிருந்து வருகிறது. மொய்யைச் செல்போன் வழியே அனுப்புவதை இப்போது ஏற்றுக்கொள்கிறார்கள்; கேதத்துக்கு அப்படியொரு வழி இல்லை. எனவே பங்காளி, சம்பந்தி, தாய்மாமன் வீடுகளில் எவற்றுக்கு நீங்களே வந்தாக வேண்டும், எவற்றுக்குத் தம்பியோ மனைவியோ போனால் போதும், எவற்றுக்குத் திரும்பி வந்தபின் துக்கம் விசாரித்தால் போதும் என்று குடும்பத்தில் முன்பே பிரித்துக்கொள்ளுங்கள். கேட்க ஒருமாதிரி இருக்கும். ஆனால் நள்ளிரவில் தொலைபேசி வந்து, நாகர்கோவில் லாட்ஜில் உட்கார்ந்து முடிவெடுப்பதைவிட இது மேல்.

திருவிழாவில் வேறொரு சிக்கல் உண்டு. மதுரை, தேனி, விருதுநகர்ப் பக்கத்துப் பல கிராமங்களில் காப்புக் கட்டியபின் ஊரைவிட்டு வெளியே இரவு தங்கக் கூடாது என்பது வழக்கம். நீங்கள் அதை நம்புகிறீர்களா என்பது இங்கே கேள்வியே இல்லை. உங்கள் தாயார் நம்புகிறார், அந்த வாரம் வீட்டில் எது நடந்தாலும் நீங்கள் வெளியே தங்கியதே காரணமாகச் சொல்லப்படும். கிராமக் கூட்டத்தில் நாள் குறிப்பது சில வாரங்களுக்கு முன்புதான் என்பதால், தேதி தெரியாவிட்டாலும் மாதத்தைக் குறிப்பிட்டு, அந்த வாரத்தில் போய்த்திரும்பும் ஊர்களை மட்டும் தரும்படி மேலாளரிடம் முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். மேலாளர் தமிழ்நாட்டுக்காரராக இருந்தால் விளக்கம் தேவைப்படாது. முகூர்த்தம் மிகுந்த வைகாசி, ஆவணி, தை மாதங்களையும், அழகர் ஆற்றில் இறங்கும் சித்திரை முழுநிலவு நாளையும் ஆண்டுத் தொடக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். திருமணங்கள் குறையும் ஆடியிலும் மார்கழியிலும் நீண்ட சுற்றுகளை நீங்களாகவே கேட்டு வாங்கிக்கொண்டால், மற்ற மாதங்களில் கேட்பதற்கு உரிமை கிடைக்கும்.

திருமணம் ஆகாதவர்கள், பெண் பார்க்கும்போது ‘மதுரையில்தான் வேலை’ என்று தரகர் சொல்வதை அப்படியே விட்டுவிடக் கூடாது. மாதத்தில் எத்தனை இரவு வீட்டில் இருப்பேன் என்பதைப் பெண்ணிடமே சொல்லிவிட வேண்டும்.

பெண்கள் கவனிக்க வேண்டியவை

பெண்களிடம் இந்தக் கேள்வி வேறு வடிவில் கேட்கப்படுகிறது: “வீட்டில் விடுவார்களா?” ஆணிடம் விருப்பத்தைக் கேட்பவர்கள் பெண்ணிடம் அனுமதியைக் கேட்கிறார்கள். நேர்காணலில் இதற்கு நீண்ட விளக்கம் தர வேண்டியதில்லை, “எந்த ஊர்களில் தங்க வேண்டியிருக்கும், தங்குமிடத்தை நிறுவனம் ஏற்பாடு செய்யுமா?” என்று திருப்பிக் கேட்டால் பேச்சு வேலைக்குத் திரும்பிவிடும். வீட்டார் தயங்கும்போது அந்தத் தயக்கத்தைப் பகுத்துப் பார்க்க வேண்டும். பாதுகாப்புக் குறித்த அச்சத்துக்கு நடைமுறை விடைகள் உண்டு: நிறுவனமே முன்பதிவு செய்யும் தங்குமிடம், இருட்டியபின் பேருந்து நிலையத்திலிருந்து செல்லும் வாகனச் செலவை நிறுவனமே ஏற்பது, பெண்களுக்கான 181 உதவி எண், சென்னை, திருச்சி போன்ற நகரங்களில் அரசு நடத்தும் தோழி விடுதிகள். அக்கம்பக்கத்தார் என்ன பேசுவார்கள் என்ற அச்சத்துக்கு இவை விடையாகா. அங்கே மாமியாரோ அம்மாவோ ஒருவர் முன்வந்து ‘என் மகள் வேலையாகப் போகிறாள்’ என்று தெருவில் சொல்வதுதான் பலன் தருகிறது. அந்த ஒருவரை முதலில் தன் பக்கம் கொண்டுவருவதே செய்ய வேண்டிய வேலை. செலவுக் கணக்கில் ஒன்றைக் கவனியுங்கள்: பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில்தான், வெளியூர்ப் பேருந்துகளுக்கு அதை நம்பித் திட்டமிட முடியாது.

வெள்ளோட்டமும் எழுத்தும்

கடிதத்தில் கையெழுத்திடுவதற்கு முன், அதே பகுதியில் வேலை செய்யும் ஒருவரோடு ஒரு முழு வாரம், குறைந்தது ஒரு தங்கலோடு, உங்கள் சொந்தச் செலவில் சுற்றி வாருங்கள். அந்த வாரம் வீட்டார் உங்கள் உதவியின்றியே நடத்த வேண்டும். தொலைபேசியில் வழிகாட்டக் கூடாது. வெயில் காலத்தில் இதைச் செய்ய முடிந்தால் இன்னும் நல்லது. இராமநாதபுரம் சாலையில் மே மாதம் பைக்கில் போய்ப் பார்த்தவருக்கு மற்ற மாதங்கள் ஒரு பொருட்டல்ல.

முடிவுத் தேதி ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். காரைக்குடிப் பக்கத்து நகரத்தார் பர்மாவில் வட்டித்தொழில் நடத்திய காலத்தில், அங்கே முகவராகச் சென்றவர்களுக்குப் பொதுவாக மூன்று ஆண்டு என்று தவணை இருந்தது. தவணை முடிந்ததும் ஊருக்கு வந்து தங்கிவிட்டுத்தான் மறுமுறை போவார்கள். கடல் கடந்த பிரிவையே குடும்பங்கள் ஏற்றுக்கொண்டதற்கு, திரும்பும் காலம் தெரிந்திருந்தது ஒரு முக்கியக் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. உங்கள் வேலைக்கும் ‘மூத்தவன் ஆறாம் வகுப்புப் போகும்வரை’ என்பதுபோல் வீட்டோடு பேசி ஒரு தவணை வையுங்கள்; அது முடியும்போது தொடர்வதா என்பதைப் புதிதாகவே பேச வேண்டும்.

நிறுவனத்திடம் பேசியவற்றை எழுத்தில் வாங்குவது கடைசி வேலை. மருந்துத் துறைப் பிரதிநிதிகளுக்காக 1976ஆம் ஆண்டிலேயே விற்பனை மேம்பாட்டு ஊழியர் சட்டம் இயற்றப்பட்டு, நியமனக் கடிதமும் விடுப்பும் சட்டப்படியான உரிமைகளாயின. 2020ஆம் ஆண்டில் நிறைவேறிய பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் அது சேர்க்கப்பட்டது. கடிதத்தில் உங்கள் தலைமையிடம் (ஹெட்குவார்ட்டர்ஸ்) ‘மதுரை’ என்று பெயர் சொல்லி இருக்கிறதா, தங்கலுக்கும் போய்த்திரும்பலுக்கும் படித்தொகை தனித்தனியே குறிக்கப்பட்டிருக்கிறதா, பில் கொடுத்த எத்தனை நாளில் பணம் வரும், தலைமையிடத்தை மாற்றினால் எவ்வளவு முன்னறிவிப்பு என்பவற்றைப் பாருங்கள். இவற்றில் எதுவும் இல்லாவிட்டால், நேர்காணல் செய்தவருக்கு மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள். வாய்மொழி உறுதியைத் தந்தவர் அடுத்த ஆண்டு வேறு நிறுவனத்தில் இருக்கக்கூடும்.

கணக்கெல்லாம் போட்டபின் ஒத்துவராது என்று தெரிந்தால், ‘குடும்பச் சூழ்நிலை’ என்று மொட்டையாக மறுக்காமல், எத்தனை இரவு வரை முடியும் என்பதைச் சொல்லி மறுப்பது நல்லது. “மாதம் ஆறு தங்கல் வரை என்றால் வருகிறேன், நகர மருத்துவமனைகளுக்கான இடம் காலியானால் தெரிவியுங்கள்” என்று எழுதிவிட்டால், அந்த இடம் காலியாகும்போது உங்களை அழைப்பதற்கு அவர்களிடம் ஒரு காரணம் இருக்கும்.